குட்டை அப்பிள் மரம்: ஆகச் சின்னதுதான் வேண்டுமா?

லண்டன் பக்கம் வீடு வாங்கிக் குடிபோகிறவர்கள் முதல் வசந்தத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணை, பின்வளவு சின்னது. ஓர் அப்பிள் மரம் வைக்க ஆசை. ஆகச் சின்னதாக வரக்கூடியது எது?" தோட்டக்கடைக்குப் போனால் குழப்பம் கூடும். ஒரே ரகம் நாலு லேபிளோடு நிற்கும்: எம்27, எம்9, எம்26, எம்எம்106. கேட்டால் எல்லாமே குட்டைதான் என்பார்கள். நாலும் ஒரே அளவுக் கன்றாகத்தான் கண்ணுக்குத் தெரியும். பத்து வருடம் போனால் ஒன்று உங்கள் தோளளவில் நிற்கும், இன்னொன்று ஏணி கேட்கும்.

என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். ஆகச் சின்னது பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தாது. அந்த லேபிள் எண்கள் குறிப்பது மரத்தின் வேர்ப்பகுதியை. மரத்தைக் குட்டையாக வைத்திருக்கும் அந்த வேர்தான் மரத்தைப் பலவீனமாகவும் வைத்திருக்கிறது. வேர் செய்யாத வேலையை நீங்கள் செய்யவேண்டும்: தண்ணீர், உரம், புல் பிடுங்கல், முட்டுக்கம்பு. இதைச் செய்யக்கூடியவர்களுக்குச் சின்ன மரம் நல்லது. மற்றவர்கள் ஒரு படி பெரிய மரத்தை எடுப்பது நல்லது.

அந்த எண்கள் எதைச் சொல்கின்றன

அப்பிள் விதையிலிருந்து தாய்மரத்தின் பழம் கிடைக்காது. நம்மூர் ஒட்டுமாங்கன்று போலத்தான் இதுவும்: கீழே ஒட்டுக்கட்டை, மேலே விரும்பிய ரகம். பழத்தின் சுவையை மேல்பாதி தீர்மானிக்கிறது. மரம் எவ்வளவு உயரும், எத்தனையாம் வருடம் காய்க்கும் என்பவற்றைப் பெரும்பாலும் கீழ்ப்பாதி தீர்மானிக்கிறது.

ஐரோப்பாவில் குட்டையாக்கும் கட்டைகள் நூற்றாண்டுகளாக இருந்தன. ஆனால் ஒரே பெயரில் பல கட்டைகள் கலந்து விற்கப்பட்டன. 1913இல் கென்ற் மாவட்டத்தில் தொடங்கிய ஈஸ்ட் மோலிங் ஆய்வுநிலையத்தில் ரொனால்ட் ஹாட்டன் அவற்றைப் பிரித்து எண் கொடுத்தார். 'எம்' என்பது மோலிங். பின்னர் மேர்ட்டனில் இருந்த ஜோன் இன்னஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியவை 'எம்எம்' வரிசை. இதில் கவனிக்க வேண்டியது, எண்ணுக்கும் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை. எம்25 தோப்பில் வைக்கும் பெரிய மரம். அடுத்த எண்ணான எம்26 நடுத்தரம். அதற்கடுத்த எம்27 இடுப்பளவில் தொடங்கி ஆளுயரத்தில் நின்றுவிடும். "எண் கிட்டத்தட்ட ஒன்றுதானே" என்று மாற்றி எடுத்தால் ஒரு மாடி உயர வித்தியாசம் வரும்.

எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலாவது இடம். தரையில் எத்தனை மீற்றர் என்பதோடு, நிழல் யார் வளவில் விழும் என்பதும் இதில் அடங்கும். இரண்டாவது மண். லண்டனின் பெரும்பகுதி களிமண். மாரியில் சேறு, கோடையில் வெடிப்பு. மூன்றாவது, கோடை விடுமுறைக்கு நீங்கள் ஊருக்குப் போனால் யார் தண்ணீர் விடுவது என்பது. நான்காவது, அந்த வீட்டில் எத்தனை வருடம் இருக்கப் போகிறீர்கள் என்பது. கடைசியாக, பழத்தை என்ன செய்யப் போகிறீர்கள்? பிள்ளைகள் பறித்துத் தின்ன ஒரு கூடை போதுமா, உறவினர் வீடுகளுக்கெல்லாம் பை பையாகக் கொடுக்க வேண்டுமா?

| | எம்27 | எம்9 | எம்26 | எம்எம்106 |
|---|---|---|---|---|
| வளர்ந்தபின் உயரம் | 1.5–1.8 மீ | 1.8–2.5 மீ | 2.5–3 மீ | 3–4 மீ |
| மரத்துக்கு மரம் | 1.5 மீ | 2.5–3 மீ | 3–3.5 மீ | 3.5–4 மீ |
| முட்டுக்கம்பு | வாழ்நாள் முழுதும் | வாழ்நாள் முழுதும் | 4–5 வருடம்; காற்றிடத்தில் நிரந்தரம் | முதல் 3–4 வருடம் |
| காய்க்கத் தொடங்குவது | 2ஆம் வருடம் | 2–3ஆம் வருடம் | 3ஆம் வருடம் அளவில் | 3–4ஆம் வருடம் |
| மண் | மிக நல்லது வேண்டும் | நல்லது வேண்டும் | சுமாரானது போதும் | பலவகை ஏற்கும். நீர் தேங்கக்கூடாது |
| புல்லோடு போட்டி | தாங்காது | தாங்காது | ஓரளவு | தாங்கும் |

இந்த உயரங்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். மேலே ஒட்டிய ரகமும் பேசும். பிராம்லி போன்ற முரட்டு ரகம் எந்தக் கட்டையிலும் ஒரு படி பெரிதாகவே வரும். சன்செற் போன்ற அடக்கமான ரகம் ஒரு படி குறையும்.

எம்27: பொம்மை மரம்

கண்ணுக்கு மிக அழகு. 1.5 மீற்றர் இடைவெளியில் நட்டால் ஒரு சின்ன வளவிலேயே மூன்று நாலு ரகம் வைக்கலாம். ஏணி வேண்டாம், பிள்ளைகளே பறிப்பார்கள். வலை போடுவதும் சுலபம். இது எம்9ஐயும் எம்13ஐயும் கலந்து எடுத்த கட்டை.

இனிச் செலவுக் கணக்கைப் பார்ப்போம். ஒழுங்காகக் கவனித்த எம்27 மரம் ஆண்டுக்கு 5–7 கிலோ தரும். நாலு பேர் உள்ள வீட்டில் அது இரண்டு வாரச் சாப்பாடு. அதற்காக மரத்தைச் சுற்றி ஒரு மீற்றர் வட்டத்தில் புல் ஒரு தும்பும் இருக்கக்கூடாது. நம் ஆட்களுக்கு வெறும் மண்ணைக் கண்டால் பொறுக்காது. மரத்தடியில் புதினாவை நட்டுவிடுவார்கள். புதினா எம்27இன் வேரைத் திணறடித்துவிடும். வெந்தயக்கீரை விதைத்தாலும் தண்ணீருக்குப் போட்டிதான். கோடையில் இரண்டு வாரம் மழை பொய்த்தால் இந்த மரம் காயை உதிர்க்கும், அல்லது வளர்ச்சியை நிறுத்திவிடும்.

இன்னொன்று சொல்லவேண்டும். முதல் இரண்டு வருடம் வரும் பிஞ்சை முழுவதும் கிள்ளி எறிய மனம் வரவேண்டும். நட்ட அடுத்த வருடமே நாலு காய் பிடித்துவிட்டால் யாருக்குத்தான் கிள்ள மனம் வரும்? விட்டால் மரம் தன் சக்தியெல்லாம் காய்க்குக் கொடுத்துவிட்டு அதே உயரத்தில் நின்றுபோகும். அதற்குப் பிறகு எந்த உரமும் அதை எழுப்பாது.

எம்27 நன்றாகப் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. பிராம்லி வேண்டும், ஆனால் இடமில்லை என்றால் இதைத்தான் எடுக்கவேண்டும். பிராம்லியின் முரட்டுத்தனமும் கட்டையின் பலவீனமும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். பிராம்லி சமையல் அப்பிள், நல்ல புளிப்பு. மாங்காய் கிடைக்காத காலத்தில் பச்சடிக்கும் ஊறுகாய்க்கும் அதை விஞ்ச இங்கே வேறொன்றும் இல்லை. ஒன்று மட்டும்: பிராம்லியின் மகரந்தம் மற்ற மரங்களுக்கு உதவாது, அதற்குத்தான் மற்ற மரங்கள் உதவவேண்டும். நகரத்தில் அயலவர் வளவுகளில் அப்பிளும் காட்டு அப்பிளும் நிற்பதால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

எம்9: தோட்டக்காரர்களின் தெரிவு

பிரான்சில் தற்செயலாகக் கிடைத்த கன்றிலிருந்து வந்த கட்டை. உலகின் வணிக அப்பிள் தோட்டங்களில் கம்பி கட்டி நெருக்கமாக நிற்கும் மரங்களில் பெரும்பங்கு எம்9 அல்லது அதன் வழிவந்தவை. சீக்கிரம் காய்க்கும், பழம் பெரிதாக வரும், மரம் கைக்கு எட்டும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் அழுகும் கழுத்தழுகல் நோயையும் ஓரளவு தாங்கும்.

ஆனால் அந்தத் தோட்டங்களில் சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது, கம்பிவேலி நிரந்தரமாக நிற்கிறது, களையை அழிக்க ஆள் இருக்கிறது. வீட்டுவளவில் இவை எதுவும் கிடையாது. எம்9இன் வேர் முறியும் தன்மை கொண்டது. முட்டுக்கம்பு உக்கிப்போன வருடம், காய் நிறைந்த செப்ரெம்பரில் ஒரு காற்று அடித்தால் மரம் அடியோடு சாயும். ஆகவே நல்ல தடிப்பான கம்பு, ரப்பர் பட்டி, சில வருடத்துக்கொருமுறை இரண்டையும் மாற்றும் வேலை எல்லாம் விலையோடு சேர்ந்தவை. பஞ்சுபோல் வெள்ளையாக அப்பும் அசுவினியும் இந்தக் கட்டையில் எளிதாகக் குடியேறும்.

வளவு மண் கறுப்பாகவும் பொலபொலவென்றும் இருந்து, நீங்களும் மாலையில் தோட்டத்தில் நிற்கும் ஆளாக இருந்தால், எம்9 கொடுக்கும் பழத்தை வேறெதுவும் கொடுக்காது. வேலியோரக் கம்பியில் படரவிடவும் இது நல்லது.

எம்26: இதைத்தான் அதிகம் பேருக்குச் சொல்வேன்

எம்16க்கும் எம்9க்கும் பிறந்தது. 2.5 முதல் 3 மீற்றர். கையில் பிடித்த கொக்கித்தடியோ சின்னப் படியேணியோ இருந்தால் உச்சிக்காயும் எட்டும். வேர் எம்9ஐவிட உறுதி. சுமாரான மண்ணிலும் பிழைக்கும். ஒருவாரம் தண்ணீர் விட மறந்தால் முகம் வாடும், செத்துப்போகாது. இதைத்தான் நான் பெரிய விடயமாகப் பார்க்கிறேன். பெரும்பாலான வீடுகளில் தோட்டம் வேலைக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் பிறகுதான் வரும்.

2022 ஜூலை 19ஆம் திகதி இங்கிலாந்தில் வெப்பம் முதல்முறையாக 40 பாகையைத் தாண்டியது. அடுத்த மாதம் லண்டனில் தோட்டக்குழாய்த் தடையும் வந்தது. அப்படிப்பட்ட கோடையில் வாளியில் தண்ணீர் தூக்கி ஊற்றவேண்டிய மரங்கள் எத்தனை என்பதுதான் கேள்வி. நிலைபெற்ற எம்26 ஒன்று வாரம் இரண்டு வாளியில் சமாளிக்கும். எம்27 நாலு வைத்திருப்பவர் ஒவ்வொன்றுக்கும் தூக்கவேண்டும்.

குறைகளும் உண்டு. நீர் தேங்கும் இடத்தில் கழுத்தழுகல் வரும். தீக்கருகல் நோயும் இதை எளிதில் பிடிக்கும். வசந்தத்தில் பூவும் தளிரும் நெருப்பில் வாட்டியதுபோல் கறுத்தால் அந்தக் கிளையை நல்ல பகுதிவரை வெட்டி எறியவேண்டும். கத்தரிப்பதும் எம்27ஐவிடக் கூடுதல்: மாரியில் ஒருமுறை, ஓகஸ்டின் பின்பாதியில் ஒருமுறை.

பூச்சாடிக்கும் இதுவே ஏற்றது. சின்னச் சாடிக்குச் சின்ன மரம் என்று எம்27 வாங்குவது இயல்பாக வரும் எண்ணம், ஆனால் சாடியே வேரை அடக்கிவிடும். அடக்கிய வேரை மேலும் அடக்கினால் என்ன மிஞ்சும்?

எம்எம்106: களிமண்ணுக்கும் சோம்பலுக்கும், ஒரு நிபந்தனையோடு

நோர்தேர்ன் ஸ்பை என்ற அமெரிக்க ரகத்தின் எதிர்ப்புச் சக்தியை வாங்கி உருவாக்கியதால் பஞ்சு அசுவினி இதன் வேரில் ஒட்டாது. புல்லுக்கு நடுவிலும் வளரும். சில வருடத்தில் முட்டுக்கம்பைக் கழற்றி எறியலாம். எம்27 மரத்தைப்போலப் பல மடங்கு காய் தரும். உங்கள் வளவு பத்து மீற்றர் நீளமாவது இருந்து, "நட்டுவிட்டு நிம்மதியாக இருக்கவேண்டும்" என்பது உங்கள் ஆசையானால், இதுதான்.

நிபந்தனை நீர். களிமண்ணைத் தாங்கும், களிமண்ணில் தேங்கிய தண்ணீரைத் தாங்காது. மாரியில் உங்கள் வளவில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள், அங்கே வேண்டாம். வேறிடம் இல்லையென்றால் மண்ணை மேடாக்கி நடுங்கள்.

மறைந்த செலவு பழம்தான். நல்ல வருடத்தில் முழு மரமும் ஒரே மூன்று வாரத்தில் பழுத்துக் கொட்டும். வைக்கக் குளிரான அறையோ கராஜோ இல்லாவிட்டால் பாதி அழுகும், குளவி வரும். அதிகம் காய்த்த வருடத்துக்கு அடுத்த வருடம் சில ரகங்கள் வெறுமையாக நிற்கும். இதைத் தவிர்க்க, ஜூனில் மரம் தானாகவே கொஞ்சம் பிஞ்சை உதிர்த்த பிறகு, காய்க்குக் காய் 10–15 சென்ரிமீற்றர் இருக்கும்படி பிஞ்சைக் கிள்ளவேண்டும். ஏணியில் நின்று கிள்ளுவதை ஒருமுறை கற்பனை செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

"இதையே வாங்கி வருடாவருடம் வெட்டிச் சின்னதாக வைத்திருக்கலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. மாரியில் ஓங்கி வெட்டினால் மரம் கோபித்ததுபோல் நெட்டைக் குச்சிகளைக் கொத்தாக எழுப்பும், அவற்றில் காய் வராது. கோடையில் வெட்டினால் அடங்கும். ஆனாலும் கட்டையின் குணத்தோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டுவதைவிடச் சரியான கட்டையை வாங்குவது மலிவு.

தரையில் இடமே இல்லையென்றால்

வேலி இருக்கிறதல்லவா? ஒற்றைத் தண்டாக 45 பாகை சாய்த்துக் கம்பியில் கட்டி வளர்க்கும் முறை இங்கே பழையது. 75 சென்ரிமீற்றருக்கு ஒரு மரம். எம்9, எம்26, எம்எம்106 மூன்றிலும் செய்யலாம். மண் மெலிவானால் பெரிய கட்டையை எடுக்கவேண்டும். ஒரு தண்டுக்கு 2–3 கிலோதான் வரும், ஆனால் செப்ரெம்பர் ரகம், ஒக்ரோபர் ரகம், வைத்துத் தின்னும் ரகம் என்று ஒரே வேலியில் நிறுத்தலாம். ஓகஸ்ட் கத்தரிப்பைத் தவறவிடவே கூடாது. பள்ளி விடுமுறைக்கு ஆறு வாரமும் வெளியூர் போகும் குடும்பத்துக்கு இது சரிவராது.

தூண்போல் நேராக நிற்கும் மரங்களும் விற்கிறார்கள். அந்த வடிவம் கட்டையால் வருவதல்ல, ரகத்திலேயே இருப்பது. கனடாவின் கெலோனாவில் மக்கின்ரோஷ் என்ற ரக அப்பிள் மரம் ஒன்றில் தற்செயலாக முளைத்த கிளையிலிருந்து தொடங்கிய வம்சம். இடம் மிச்சம், கத்தரிப்பு சொற்பம். பழைய தூண் ரகங்களின் சுவை எனக்குப் பிடிப்பதில்லை. பிற்காலத்தவை பரவாயில்லை. கொக்ஸ் என்ற பழைய இங்கிலாந்து ரகத்தின் சுவையை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

வாடகை வீடானால் பூச்சாடி ஒன்றே வழி. 45–50 சென்ரிமீற்றர் அகலச் சாடி, மண் சேர்ந்த கனமான கலவை, கோடையில் கிட்டத்தட்டத் தினமும் தண்ணீர், இரண்டு வருடத்துக்கொருமுறை சாடி மாற்றல். மண், சாடி, உரம் எல்லாம் சேர்த்தால் கன்றின் விலையைத் தாண்டிவிடும். ஒன்று கவனம்: கறிவேப்பிலைச் சாடியை ஒக்ரோபரில் உள்ளே தூக்கி வைக்கும் பழக்கத்தில் அப்பிள் சாடியையும் தூக்கிவிடாதீர்கள். அதற்குக் குளிர் வேண்டும். உள்ளே கதகதப்பில் மாரியைக் கழித்த மரம் ஒழுங்காகப் பூக்காது.

அணிலும் கிளியும் எல்லாக் கட்டைக்கும் பொது. லண்டனில் பறக்கும் பச்சைக்கிளிகள் நம்மூர்க் கிளிகளேதான், பழத்தைக் கொத்திப் பாழாக்கும் பழக்கத்தையும் விடவில்லை. முழு மரத்துக்கும் வலை போட எம்27இலும் எம்9இலும் முடியும். எம்எம்106இல் பறவைக்குப் பங்கு கொடுத்துவிட்டு மிச்சத்தை எடுக்கவேண்டியதுதான்.

ரொறன்ரோவிலும் ஊரிலும் இருப்பவர்களுக்கு

கனடாவில் கணக்கு மாறும். அங்கே உயரத்துக்கு முன் குளிரையும் தீக்கருகலையும் பார்க்கவேண்டும். எம்9, எம்26 இரண்டும் தீக்கருகலுக்கு எளிதில் விழும். கடுங்குளிருக்கு ரஷ்யாவில் உருவான பி9 என்ற புடகோவ்ஸ்கி கட்டை பெயர்பெற்றது. நியூயோர்க் மாநிலத்தின் ஜெனிவாவில் கோர்னெல் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஜி' வரிசைக் கட்டைகள் தீக்கருகலை எதிர்க்கவென்றே தெரிவு செய்யப்பட்டவை. ஸ்கார்பரோவிலோ மார்க்கத்திலோ வைப்பவர்கள் இந்தப் பெயர்களைக் கேட்டு வாங்கலாம்.

சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் "குட்டை அப்பிள்" என்று விற்கும் கன்றைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: குட்டையாவதற்கும் வெப்பத்தில் காய்ப்பதற்கும் தொடர்பில்லை. கட்டை மரத்தைச் சிறிதாக்கும். அது கேட்கும் குளிரைக் குறைக்காது. வழக்கமான ரகங்களுக்கு மாரியில் 7 பாகைக்குக் கீழ் பல நூறு மணிநேரம் வேண்டும். அன்னா, டோர்செற் கோல்டன், இமாசலத்தில் தெரிவான எச்ஆர்எம்என்-99 போன்ற குறைகுளிர் ரகங்களைத்தான் முதலில் தேடவேண்டும். அங்கே கட்டையைப் பற்றிய கேள்வி இரண்டாவதுதான்.

வாங்கும்போது

லேபிளில் ரகத்தின் பெயர் மட்டும் இருந்து கட்டையின் பெயர் இல்லையென்றால் வாங்காதீர்கள். "முற்றத்துக்கு ஏற்றது" என்று எழுதியிருப்பது எந்தக் கட்டையென்று சொல்வதாகாது. ஒட்டிய முடிச்சு தண்டின் அடியில் புடைப்பாகத் தெரியும். நடும்போது அது மண்ணுக்கு நன்றாக மேலே நிற்கவேண்டும். புதைந்துவிட்டால் மேலுள்ள ரகம் தானே வேர்விட்டுக் கட்டையை ஒதுக்கிவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய குட்டைத்தன்மை அத்தோடு போச்சு. பிறகு மரத்தடிக்கு மண்ணும் மரத்தூளும் குவிக்கும்போதும் இதே கவனம் வேண்டும்.

சாடியில் விற்கும் கன்றைவிட, நவம்பர் முதல் மார்ச் வரை மண்ணில்லாமல் வெறும் வேரோடு விற்கும் கன்று மலிவு. ரகமும் கட்டையும் சேர்த்துத் தெரிவு செய்யும் வசதியும் அதில்தான் கூட. கன்று வளர்க்கும் பண்ணைகளில் இலையுதிர் காலத்திலேயே சொல்லிவைத்தால் எம்26இல் நீங்கள் கேட்ட ரகம் வரும். மார்ச்சில் போனால் மிச்சம் கிடக்கும் எம்எம்106ஐக் காட்டுவார்கள்.